லைவ் சர்வீஸ் கேம்கள் ஏன் இப்படிக் கொத்துக் கொத்தாகச் சாகின்றன?

2024 ஆகஸ்டில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு கேம்கள் வந்தன. 20ஆம் தேதி சீனாவின் கேம் சயன்ஸ் ஸ்டூடியோ வெளியிட்ட பிளாக் மித்: வூகாங், 23ஆம் தேதி சோனி வெளியிட்ட கான்கார்ட். முதலாவது ஒரே ஆள் உட்கார்ந்து ஆடும் கதை கேம். மூன்று நாளில் 1 கோடி பிரதி விற்றது. இரண்டாவது, ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்று அணி பிரிந்து சுட்டுக்கொள்ளும் ஆன்லைன் கேம், விலை 40 டாலர். ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் ஒரே நேரத்தில் அதை ஆடியவர்களின் உச்ச எண்ணிக்கை 697. பின்னால் சைபர் எதையும் நான் விட்டுவிடவில்லை, 697 பேர்தான். செப்டம்பர் 6ஆம் தேதி சர்வரை அணைத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் அந்தக் கேமைச் செய்த ஃபயர்வாக் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள்.

அப்போது இணையம் முழுக்க ஒரே கிண்டல். கதாபாத்திரங்கள் பார்க்கச் சகிக்கவில்லை, பெயரே சரியில்லை, கேமுக்குள் அரசியலைத் திணித்துவிட்டார்கள் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டிசைன் பற்றிய குறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கேமைத் திட்டிய ரிவ்யூக்களில்கூடப் பலதும் துப்பாக்கிச் சண்டை நன்றாக இருந்தது என்றுதான் எழுதின. என் பார்வையில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓவர்வாட்ச் 2 இலவசம், அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் இலவசம், வாலரண்ட் இலவசம். இதில் எதையாவது வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருக்கிற ஒருத்தர், அதில் வாங்கின ஸ்கின்னையும் (கதாபாத்திரத்தின் அலங்கார உடை) ஏற்றின ரேங்க்கையும் கூட ஆடும் நண்பர்களையும் விட்டுவிட்டு, 40 டாலர் கொடுத்து இன்னொரு இடத்தில் போய் ஏன் புதிதாக ஆரம்பிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு அந்தக் கேமிடம் பதில் இல்லை. அது மட்டுமல்ல, இந்தப் பத்து வருஷத்தில் வந்து செத்த பெரும்பாலான லைவ் சர்வீஸ் கேம்களிடமும் இல்லை.

லைவ் சர்வீஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கேமை ஒருமுறை விற்றுவிட்டுக் கையைக் கழுவாமல், வாரத்துக்கு ஒன்று, சீசனுக்கு ஒன்று என்று புதிது புதிதாக எதையாவது சேர்த்துக்கொண்டே இருப்பது, பதிலுக்கு ஸ்கின், சீசன் பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸ், கேமுக்குள் செலவழிக்கும் காசு என்று நம்மிடம் திரும்பத் திரும்ப வசூலிப்பது. கேம் பெரும்பாலும் கம்பெனியின் சர்வரில்தான் ஓடும். சர்வர் இல்லையென்றால் கேம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத்தான் வரப்போகிறேன்.

முதலாளிகள் ஏன் இதன் பின்னால் ஓடினார்கள் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. 2013ல் வந்த ஜிடிஏ 5 இதுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, அதோடு ஒட்டி வந்த ஜிடிஏ ஆன்லைன் பத்து வருஷத்துக்கும் மேலாகக் காசு கறந்துகொண்டிருக்கிறது. அந்தக் கறவை நன்றாக இருந்ததால் கதைப் பகுதிக்கு ஒரு டிஎல்சிகூட, அதாவது பின்னால் சேர்க்கும் கூடுதல் கதைகூட, வரவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஈஏ கம்பெனி 2021 நிதியாண்டில் அல்டிமேட் டீம் என்ற ஒரே விஷயத்தில், அதாவது ஃபிஃபா மாதிரியான விளையாட்டு கேம்களில் வீரர் பாக்கெட்டுகளை விற்று, 162 கோடி டாலர் சம்பாதித்தது. 2017 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டின் பேட்டில் ராயல் வந்தது. ஆப்பிளோடு நடந்த வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்படி 2018, 2019 இரண்டு வருஷத்திலும் சேர்த்து அதன் வருமானம் 900 கோடி டாலருக்கு மேல். இந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்த போர்டு மீட்டிங்கில் யார் சும்மா இருப்பார்கள்?

இன்னொரு பக்கம், சிங்கிள் பிளேயர் கேம் செய்யும் செலவு கண்டபடி ஏறிக்கொண்டிருந்தது. 2023ல் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்குவது தொடர்பான அமெரிக்க வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது மை வழியாக எல்லாமே தெரிந்தது! அதன்படி தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21 கோடி டாலருக்கு மேல். ஐந்தாறு வருஷம் இத்தனை கோடியைக் கொட்டி, ஒரே ஒரு ரிலீஸில் போட்டதை எடுக்க வேண்டும் என்றால் பயம் வரத்தான் செய்யும். அதனால் அவர்கள் லைவ் சர்வீஸை யோசித்ததையே தப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே சமயத்தில் யோசித்ததுதான் வினை.

பணத்தை எண்ணத் தெரிந்த இவர்கள் நேரத்தை எண்ணவில்லை. கதை கேம் ஒன்றை முடித்தால் அடுத்ததை வாங்குவேன், வருஷத்துக்கு ஆறேழு வாங்கும் ஆள்கூட உண்டு. லைவ் சர்வீஸ் கேம் முடியவே முடியாது, முடியக்கூடாது என்றுதான் அதைச் செய்கிறார்கள். தினம் வா, இன்றைய மிஷனை முடி, சீசன் போவதற்குள் பாஸை முடி என்று பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ராத்திரி ஒன்றரை மணி நேரம் கிடைக்கிற ஆளிடம் பன்னிரண்டு ஹோட்டல்காரர்கள் வந்து நின்று, தினமும் ராத்திரிச் சாப்பாட்டை என் கடையில்தான் சாப்பிட வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்? ஏற்கெனவே போகிற கடைக்கே போவார். புதுக்கடையில் சாப்பாடு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது பிறகுதான்.

என்னோடு ஆடுகிற பசங்களே இதற்கு நல்ல சாட்சி. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை இந்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி கடைகளில் இருந்து தூக்கினார்கள், 2023 மே மாதம் திரும்பி வந்தது. நடுவில் வேறு கேமுக்குப் போக எல்லோருக்கும் வாய்ப்பு இருந்தது, போகவும் செய்தார்கள், இது திரும்பி வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஏனென்றால் ஸ்குவாட் அங்கேதான் இருக்கிறது. அரசாங்கமே இரண்டு தடவை கதவைச் சாத்தியும் கலையாத கூட்டத்தை, அழகான டிரெய்லர் ஒன்றைப் போட்டு இழுத்துவிடலாம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை.

சோனியின் கதைதான் இதில் எனக்கு மிகவும் வலிக்கிறது, ஏனென்றால் அவர்களின் பலமே கதை கேம்கள். 2022 ஜனவரியில் டெஸ்டினி என்ற ஆன்லைன் கேமைச் செய்த பங்கி ஸ்டூடியோவை 360 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டே, 2026 மார்ச்சுக்குள் 12 லைவ் சர்வீஸ் கேம்கள் வரும் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார்கள். 2023 நவம்பரில் அந்த 12ல் ஆறுதான் அந்தக் காலத்துக்குள் வரும் என்று பின்வாங்கினார்கள். அடுத்த மாதமே சோனியின் சொந்த ஸ்டூடியோவான நாட்டி டாக் தன் லாஸ்ட் ஆஃப் அஸ் ஆன்லைன் கேமைக் கைவிட்டது. அவர்கள் சொன்ன காரணம் நேர்மையானது: இதை வெளியிட்டால் வருஷக்கணக்கில் முழு ஸ்டூடியோவும் இதற்கே சரக்கு தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும், கதை கேம் செய்யும் வேலை பாதிக்கப்படும். சரி, வருஷங்களை விழுங்கிய பிறகாவது யோசித்தார்கள். பழைய கேம்களை அற்புதமாகப் புதுப்பித்துக் கொடுப்பதில் பேர்போன புளூபாயின்ட்டை, காட் ஆஃப் வார் உலகத்தில் ஒரு லைவ் சர்வீஸ் கேம் செய்ய உட்காரவைத்திருந்தார்கள், 2025 ஜனவரியில் அதுவும் ரத்து. டீமன்ஸ் சோல்ஸை அப்படிச் செதுக்கின ஆட்களை எதற்கு இந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்பதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

ராக்ஸ்டெடியின் கதையும் அதேதான். ஆர்க்கம் பேட்மேன் கேம்களைக் கொடுத்த லண்டன் ஸ்டூடியோ. 2015ல் ஆர்க்கம் நைட்டுக்குப் பிறகு அவர்களின் அடுத்த பெரிய கேமுக்கு 2024 பிப்ரவரி வரை காத்திருந்தோம், வந்தது சூசைட் ஸ்குவாட். நான்கு பேரும் கையில் துப்பாக்கி, பறந்து பறந்து ஊதா நிறப் புள்ளிகளைச் சுட வேண்டும், சுட்டால் முந்தைய துப்பாக்கியைவிட இரண்டு சதவீதம் கூடுதல் பலம் உள்ள இன்னொரு துப்பாக்கி. ஸ்டூடியோவின் முதலாளியான வார்னர் பிரதர்ஸ் அதில் 20 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவில் அதிகம் விற்ற கேம் இதே வார்னரின் ஹாக்வர்ட்ஸ் லெகசி, முழுக்க முழுக்க சிங்கிள் பிளேயர். அந்த வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டே, சூசைட் ஸ்குவாட் தோற்ற அடுத்த மாதம், இனி லைவ் சர்வீஸிலும் மொபைலிலும் கூடுதல் கவனம் செலுத்துவோம் என்று முதலீட்டாளர் கூட்டத்தில் பேசினார்கள்.

அப்படியானால் புதிதாக எதுவுமே ஜெயிக்கவில்லையா? ஜெயித்தது. சூசைட் ஸ்குவாட் வந்த ஒரு வாரத்துக்குள், 2024 பிப்ரவரி 8ஆம் தேதி, ஸ்வீடனின் ஆரோஹெட் ஸ்டூடியோ செய்த ஹெல்டைவர்ஸ் 2 வந்தது. அதுவும் 40 டாலர்தான், அதுவும் சோனி வெளியீடுதான். 12 வாரத்தில் 1.2 கோடி பிரதி. நான்கு நண்பர்கள் சேர்ந்து பூச்சிகளைச் சுட வேண்டும், கை தவறினால் நண்பனும் சாவான், அதைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். தினம் வரவேண்டும் என்ற நெருக்கடி அதில் குறைவு. காசு கொடுத்து வாங்கும் பாஸ்களுக்குக் கெடு கிடையாது, இரண்டு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். நம் நேரத்தைக் கொஞ்சம் மதித்த கேமுக்கு நாம் நேரம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

அதையும் கெடுக்கப் பார்த்தார்கள். மே மாதத் தொடக்கத்தில், ஸ்டீமில் வாங்கியவர்கள் எல்லோரும் கட்டாயமாக பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்தச் சேவையே இல்லாத நாடுகள் நூற்றுக்கும் மேல், இலங்கையும் அதில் ஒன்று. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து முழு விலை கொடுத்து வாங்கியவர், பொய் முகவரி போட்டுக் கணக்குத் திறந்தால்தான் ஆட முடியும் என்ற நிலை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை ரிவ்யூக்கள் ஸ்டீமில் வந்து குவிந்தன, மூன்று நாளில் சோனி பின்வாங்கியது. ஆனால் அதற்குள் அந்த நாடுகளில் கேமை விற்பனையில் இருந்து எடுத்திருந்தார்கள், அது நீண்ட காலம் திரும்பவில்லை. ரிவ்யூவில் திட்டுவது வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் இந்த மூன்று நாளைத் தாராளமாகப் படித்துப் பார்க்கலாம்.

இனி சர்வர் விஷயம். கான்கார்டுக்காவது காசு திரும்பக் கிடைத்தது. யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் ரேஸ் கேம் 2014ல் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, நியூயார்க்கில் கிளம்பி லாஸ் ஏஞ்சலஸ் வரை ஓட்டிக்கொண்டே போகலாம், தனியாகவே மணிக்கணக்கில் ஓட்டலாம். ஆனால் தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள், அதோடு பலருடைய கணக்குகளில் இருந்து கேமின் உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களிடம் இருப்பது இப்போது வெறும் பிளாஸ்டிக் வட்டம். கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டபோது கம்பெனி தரப்பின் வாதம், நீங்கள் வாங்கியது வரம்புள்ள உரிமம்தான், கேம் உங்களுக்குச் சொந்தமில்லை என்பது. டெஸ்டினி 2 இன்னும் ஒரு படி மேல்: கேம் உயிரோடு இருக்கும்போதே, 2020 நவம்பரில், ரெட் வார் கதையையும் அதற்குப் பின் வந்த இரண்டு டிஎல்சிக்களையும் உள்ளிருந்து எடுத்துவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

தி க்ரூவை அணைத்த அடுத்த மாதம்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார். அவர்கள் கேட்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். காலம் முழுக்க சர்வரை நடத்து என்று யாரும் கேட்கவில்லை. நீ கைவிடும்போது, வாங்கியவர்கள் ஏதாவது ஒரு வழியில் தொடர்ந்து ஆடும்படி விட்டுவிட்டுப் போ, அவ்வளவுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மக்கள் மனுவுக்கு 10 லட்சம் கையெழுத்து வேண்டும். 2025 ஜூலை கெடுவுக்குள் 14 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. பிரிட்டன் நாடாளுமன்றத்திலும் அந்த ஆண்டு நவம்பரில் இதை விவாதித்தார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, விற்பது உரிமம் மட்டும்தான் என்பதை டிஜிட்டல் கடைகள் வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் அதற்கு முன்பே வாங்கும் கேம்களைச் சேர்த்து வைக்கும் தன் கார்ட் பக்கத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது. நல்லதுதான், ஆனால் உன்னிடம் இருந்து பிடுங்குவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிடுங்குவதால் எனக்குப் பெரிதாக ஒன்றும் லாபமில்லை.

கேம் கம்பெனிகளின் தொழில்துறைச் சங்கம் சொல்லும் பதில்களில் சிலது நியாயமானவை. தனியார் சர்வர் என்றால் பயனர் தகவல் பாதுகாப்பை யார் பார்ப்பது, சட்டவிரோதமாக ஏதாவது பதிவேற்றினால் யார் பொறுப்பு, கேமுக்குள் இருக்கும் கார் பிராண்டுகள், பாட்டுகளின் உரிமம் என்ன ஆகும். அடிப்படையிலேயே ஆன்லைனுக்காகக் கட்டின கேமை மாற்றுவது செலவு என்பதும் உண்மை. ஆனால் முடியவே முடியாது என்று சொல்லும்போதுதான் எனக்கு நம்பிக்கை போகிறது, ஏனென்றால் அவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். ரெட்ஃபால் செய்த ஆர்கேன் ஆஸ்டினை மைக்ரோசாஃப்ட் மூடிய அதே 2024 மே மாதம், அந்த டீம் போகிற போக்கில் ஆஃப்லைன் மோட் கொடுத்துவிட்டுத்தான் போனது. வேலை போகப்போகிறது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது, தலை வணங்கத் தோன்றுகிறது. நான் மேலே திட்டின சூசைட் ஸ்குவாடுக்கும் அந்த ஆண்டு டிசம்பரில் ஆஃப்லைன் மோட் வந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு யூபிசாஃப்டே தி க்ரூ 2க்கு 2025ல் ஆஃப்லைன் மோட் கொடுத்தது. ஆக, முதல் நாளே திட்டமிட்டால் செலவு குறைவு, கடைசி நாளில் யோசித்தால் அதிகம். சட்டம் வந்தால் முதல் நாளே திட்டமிடுவார்கள். நான் அந்த மனுவின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் அடிபடுவது நாம் மட்டுமில்லை. ஆக்டிவிஷனை 6,870 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மூன்று மாதத்தில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வெளியே அனுப்பியது. ஹை-ஃபை ரஷ் மாதிரி எல்லோரும் கொண்டாடிய கேமைச் செய்த டோக்கியோவின் டாங்கோவையும் அந்த மே மாதத்திலேயே மூடினார்கள், பிறகு க்ராஃப்டன் வாங்கிக் காப்பாற்றியது. பங்கியில் 2024 ஜூலை கடைசியில் 220 பேர் வேலை போனது. தப்பான குதிரையில் பணம் கட்ட முடிவெடுத்தவர்கள் யாரோ, வீட்டுக்குப் போனவர்கள் யாரோ.

உடனே, பெரிய கம்பெனிகள் ஒழிக, சின்ன ஸ்டூடியோ வாழ்க என்று கோஷம் போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2025ல் ஃபிரான்ஸின் மோன்பெலியேயில் இருந்து, முப்பது பேர் அளவிலான மையக் குழுவோடு கிளேர் ஆப்ஸ்கர் வந்து அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை அள்ளியது, மூன்றே பேர் கொண்ட டீம் செர்ரி 20 டாலருக்கு சில்க்சாங்கை விட்ட நிமிஷத்தில் ஸ்டீம் கடையே முடங்கியது, எல்லாம் உண்மை. ஆனால் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ஸ்டீமுக்கு வரும் சின்ன கேம்களில் பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாமலே போகின்றன. அந்தப் பட்டியலை யாரும் பகிர்வதில்லை. அதோடு கிளேர் ஆப்ஸ்கருக்கு வெளியிலிருந்தும் நிறையக் கை உதவி இருந்தது. இவர்களிடம் நான் பார்க்கும் ஒற்றுமை அளவில் இல்லை. பால்டர்ஸ் கேட் 3 செய்த லேரியன் நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்க்கும் பெரிய ஸ்டூடியோதான், அதுவும் உள்ளே கடை எதுவும் வைக்காமல், முழுக் கேமாக விற்று ஜெயித்தது. முடியக்கூடிய ஒரு கேமைக் கொடுத்தார்கள், முடித்தோம், அடுத்தவருக்கு இடம் விட்டோம்.

ஈஏவின் ஆன்தமுக்கும் 2026 ஜனவரி 12ஆம் தேதி சர்வரை அணைத்துவிட்டார்கள். 2019ல் வந்தது. கேம் சுமார்தான், ஆனால் அந்த இரும்பு உடையில் பறக்கும் உணர்வு வேறு எந்தக் கேமிலும் கிடைக்கவில்லை, இனிமேல் அதிலும் கிடைக்காது. இந்தியாவில் ஒரு புது பெரிய கேம் 5,000 ரூபாயைத் தொட்டு நிற்கிறது. அதனால் இப்போதெல்லாம் வாங்குவதற்கு முன் நான் பார்க்கும் முதல் விஷயம் கிராஃபிக்ஸோ ரிவ்யூ மதிப்பெண்ணோ இல்லை, தனியாக ஆடும்போதும் சர்வர் கேட்கிறதா என்பதுதான். கேட்டால் முழு விலைக்கு வாங்குவதில்லை. தள்ளுபடியில் 500, 600 ரூபாய்க்கு வந்தால், ஒரு மாதம் ஓடினால் போதும் என்ற கணக்கில் எடுப்பேன், அதுவும் என் ஸ்குவாடில் இன்னும் மூன்று பேர் சரி என்று சொன்னால் மட்டும்.